மருத்துவமனையில் ‘ஸ்டடி’யில் சேரச் சொன்னால்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் என்ன செய்யவேண்டும்?

ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முறை வருவதற்காக உட்கார்ந்திருப்பீர்கள். ஓர் இளம் டாக்டரோ, கோப்பை அணைத்துப் பிடித்த ஒரு பெண்ணோ பக்கத்தில் வந்து, “அம்மா, உங்க நோயைப் பத்தி ஒரு ஸ்டடி பண்றோம். சேர்ந்துக்கிறீங்களா?” என்று கேட்பார்கள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இது அபூர்வமான கேள்வி இல்லை. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, கொசுவால் பரவும் நோய்களுக்காக 1975 முதல் இயங்கும் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை. அண்ணாமலை நகரில் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. இவை போதாதென்று தனியார் மருத்துவக் கல்லூரிகள் வேறு. இத்தனை இடத்திலும் எம்.டி., எம்.எஸ். படிப்பவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதவேண்டும். அதற்கு நோயாளிகள் வேண்டும்.

கேள்வி வந்ததும் நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். “நம்மள வச்சு சோதனை பண்றாங்க” என்று எழுந்து போய்விடுகிறார்கள். அல்லது “டாக்டரே சொல்றாரு, வேற என்ன” என்று படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்த வட்டார மருத்துவமனை ஒன்றில், ஆய்வுகளுக்கு அனுமதி தரலாமா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவில் டாக்டரல்லாத பொதுநபராக உட்கார்ந்து, இந்தப் படிவங்களைப் படித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலாமவர்களைவிட இரண்டாமவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றிவரும். “நான் வேண்டாம் என்றால் எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்? சேர்ந்தால் அதில் எது மாறும்?” இதற்கு விடை கிடைக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

1. யார் கேட்கிறார்கள், எந்த வகை ஆய்வு?

கேட்பவரின் பெயரும் துறையும் முதலில் தெரியவேண்டும். உங்களைப் பார்க்கும் டாக்டரேதான் ஆய்வையும் நடத்துகிறாரா, இல்லை வேறு ஆளா? அவரேதான் என்றால் “வேண்டாம்” என்று சொல்ல நாக்கு எழாது. அப்போது தயங்காமல், “நான் வேறு ஒருத்தரிடம் பேசிவிட்டுச் சொல்லலாமா சார்?” என்று கேட்கலாம். பயிற்சி டாக்டர்கள் பலர் வெளி மாநிலத்தவர். தமிழ் இன்னும் கைவந்திருக்காது. தமிழ் தெரிந்த நர்ஸையோ ஆய்வு ஒருங்கிணைப்பாளரையோ கூப்பிட்டு விளக்கச் சொல்லுங்கள். அரைகுறையாகப் புரிந்ததற்குத் தலையாட்டிவிட்டு வரக்கூடாது.

அடுத்து, ஆய்வின் வகை. எல்லா ஆய்வும் மருந்துச் சோதனை இல்லை. சிலது வெறும் கேள்வித்தாள். சிலது உங்கள் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்ப்பதோடு முடிந்துவிடும். கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமித் தொற்று வராமலிருக்க, அறுவை முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்துவது பயன்படுகிறதா என்பதை அரவிந்த் மருத்துவமனைகளின் சுமார் 20 லட்சம் அறுவைகளின் பதிவேடுகளை வைத்துத்தான் பார்த்தார்கள். தொற்று 10,000-க்கு 7 என்ற அளவிலிருந்து 2-ஆகக் குறைந்திருந்தது. அதற்காக எந்த நோயாளியும் கூடுதலாக ஓர் ஊசிகூடக் குத்திக்கொள்ளவில்லை. இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பல நேரம் தனித்தனியாக ஒப்புதல் வாங்குவதிலிருந்து நெறிமுறைக் குழு விலக்குத் தரும். பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

கவனம் தேவைப்படுபவை மற்ற மூன்று: கூடுதலாக ரத்தமோ திசுவோ எடுப்பவை, இரண்டு அறுவை முறைகளை ஒப்பிடுபவை, மருந்தையோ தடுப்பூசியையோ சோதிப்பவை. இனி வருவதெல்லாம் இவற்றுக்குத்தான்.

மருந்துச் சோதனை என்றால் எந்தக் கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டத்தில் மருந்து மனித உடம்புக்கே புதிது. சிலரிடம் மட்டும், உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பது. இரண்டாம் கட்டத்தில் பலனும் அளவும். மூன்றாம் கட்டத்தில், இப்போது இருக்கும் மருந்தோடு நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான பேரிடம் ஒப்பீடு. நான்காவது, விற்பனைக்கு வந்தபிறகு நடக்கும் கண்காணிப்பு. அரிதான பக்கவிளைவைக் கண்டுபிடிக்கப் பெரிய எண்ணிக்கை வேண்டும். யானைக்கால் நோய்க்கு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பாதுகாப்பானதா என்று ஐந்து நாடுகளில் 26,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். அதில் இந்தியப் பகுதி கர்நாடகத்தின் யாத்கிர் மாவட்டத்தில் நடந்தது. நடத்தியது நம்மூர் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர்.

2. தாளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்

ஒப்புதல் படிவம் இரண்டு பகுதியாக இருக்கும்: விவரத்தாள், கையெழுத்துப் படிவம். நம்மிடம் நீட்டுவது பெரும்பாலும் கடைசிப் பக்கம்தான். முதல் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். அவசர சிகிச்சை சார்ந்த ஆய்வாக இல்லாவிட்டால், “வீட்டில் மகனிடம் காட்டிவிட்டு அடுத்த விசிட்டில் சொல்கிறேன்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இன்றைக்கே முடிவு சொல்லவேண்டும் என்று யாராவது நெருக்கினால், அந்த நெருக்கடியே உங்களுக்குப் போதுமான தகவல்.

விவரத்தாளில் நோக்கம், எத்தனை மாதம், எத்தனை முறை வரவேண்டும், என்னென்ன பரிசோதனை, என்ன ஆபத்து, என்ன பலன், சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை உண்டு, ரகசியம் எப்படிக் காக்கப்படும், பாதிப்பு ஏற்பட்டால் யார் பொறுப்பு, யாருக்கு போன் செய்வது என்பதெல்லாம் இருக்கவேண்டும். புதிய மருந்துக்கான சோதனை என்றால், அந்த மருந்து பலன் தராமலும் போகலாம் என்றும், ஒப்பீட்டுக்குக் கொடுக்கும் போலி மாத்திரையில் மருந்துச் சத்து இல்லை என்றும் வெளிப்படையாக எழுதியிருக்கவேண்டும். “வேறு சிகிச்சை” என்ற பத்தியை இரண்டு முறை படியுங்கள். நம் அடிப்படைக் கேள்விக்கு எழுத்திலான விடை அங்கேதான் இருக்கிறது. அது ஒரே வரியில் முடிந்திருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்.

படித்துப் புரியவில்லையென்றால் உங்கள் படிப்பில் கோளாறு என்று நினைத்துக் கூசவேண்டாம். எழுதியவரின் கோளாறாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரே வாக்கியம் முக்கால் பக்கம் ஓடும் படிவங்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். குழுவில் நான் அதிகம் சண்டை போடுவதும் இதற்காகத்தான்.

கையெழுத்துப் படிவத்தில் உங்கள் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரரின் பெயர், முகவரி ஆகியவற்றைக் கேட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் பலருக்குப் பகீரென்றிருக்கும்: “செத்துப்போவேன்னு முடிவே பண்ணிட்டாங்களா?” அப்படியில்லை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளில் உள்ள மாதிரிப் படிவமே அப்படித்தான். ஆய்வு காரணமாக உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போகவேண்டும் என்பதற்காக அந்த வரி. மருந்துச் சோதனையில் அந்த வரி இல்லாமலிருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

3. இரண்டு சான்றுகளைச் சரிபாருங்கள்

முதலாவது, நெறிமுறைக் குழுவின் அனுமதி. விதிப்படி குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்கவேண்டும். பாதிப்பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாகவும், தலைவர் வெளியாளாகவும் இருக்கவேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பொதுநபர் ஒருவர், குறைந்தது ஒரு பெண்ணும் இருக்கவேண்டும். குழுவின் உறுப்பினர் செயலாளரின் தொலைபேசி எண் விவரத்தாளில் இருக்கும். அது அலங்காரத்துக்கு அச்சடித்த எண் இல்லை; நோயாளிகள் கூப்பிடுவதற்குத்தான்.

இரண்டாவது, சிடிஆர்ஐ எண். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளைப் பதிவுசெய்யும் அரசுப் பதிவேடு இது. 2007 ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். தொடங்கியது. 2009 முதல் மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம். 2018 ஏப்ரலுக்குப் பிறகு, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிவுசெய்திருக்கவேண்டும். எண்ணில் ஆண்டு, மாதம், அதன்பின் ஆறு இலக்கம் என்று இருக்கும். செல்போனிலேயே யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். காலேஜ் படிக்கும் பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் போதும்.

அங்கே நான்கு விஷயம் பாருங்கள். பணம் போடுவது யார், மருந்துக் கம்பெனியா, அரசா, கல்லூரியா? உங்கள் மருத்துவமனையின் பெயர் ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியலில் இருக்கிறதா? நெறிமுறைக் குழு அனுமதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது? யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்ற பட்டியலில் நீங்கள் எந்தப் பக்கம் வருகிறீர்கள்? இந்தக் கடைசிப் பட்டியல் முக்கியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைச் சேர்க்கக்கூடாது என்று அங்கே எழுதியிருக்க, உங்களுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகக் கோளாறைக் காட்டும் அளவு) கூடுதல் என்றால், அதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

4. குலுக்கலைப் புரிந்துகொள்ளுங்கள்

நெறிமுறைக் குழு விவாதங்களில் திரும்பத் திரும்ப வரும் இடம் இது. சேரும் பாதிப்பேருக்குப் புது மருந்து, பாதிப்பேருக்குப் பழையது என்றால், யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவுசெய்வதில்லை. குலுக்கல் சீட்டில் யார் பெயர் விழும் என்பது சீட்டு நடத்துபவர் கையில் இல்லாததுபோல, இங்கே கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். சில ஆய்வுகளில் உங்களுக்கு எது கிடைத்தது என்பது உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

“எனக்கு நல்லதா பாத்துப் போடுங்க சார்” என்று கேட்பதில் பயனில்லை. எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாததால்தான் குலுக்கலே. அது தெரிந்திருந்தால் குலுக்கிப் போடுவது குற்றம். புதியது என்றால் மேலானது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அதை ஓரமாக வைக்க இரண்டு உதாரணம்.

கண்ணில் நெல் தாளோ வைக்கோலோ பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது விவசாயம் செய்பவர்களுக்குத் தெரியும். பழைய மருந்தான நட்டமைசினா, புதிதான வோரிகோனசோலா, எந்தச் சொட்டு மருந்து மேல் என்று மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரிடம் குலுக்கல் முறையில் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. பழைய நட்டமைசின்தான் மேல். வோரிகோனசோல் விட்டுக்கொண்டவர்களில் கருவிழி ஓட்டையானவர்கள் அதிகம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையும் அப்படித்தான்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றுதான் தெரியவந்தது. யாரும் எதிர்பார்த்த முடிவில்லை அது.

மறுபக்கமும் சொல்லவேண்டும். 1956-இல் சென்னையில் 193 காசநோயாளிகளைக் குலுக்கி, பாதிப்பேரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மீதிப்பேரை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சத்துக் குறைந்த சாப்பாடு, நெரிசலான குடிசை என்றிருந்தும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கக் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் வழி அதிலிருந்துதான் பிறந்தது. இன்று பண்ருட்டியில் ஒருவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு முந்திரித் தோப்புக்கு வேலைக்குப் போகமுடிவது, அன்று ஆய்வில் சேர்ந்த அந்த 193 பேரால்.

5. அறுவை சிகிச்சை ஆய்வு என்றால்

அறுவைக்கு ஒன்று, மயக்க மருந்துக்கு ஒன்று, ஆய்வுக்கு ஒன்று என மூன்று தாள்கள் வரும். மூன்றையும் அடுக்கி “இங்க, இங்க, இங்க” என்று விரல் காட்டுவார்கள். ஆய்வுத் தாளைத் தனியாக எடுத்து வையுங்கள். அதில் கையெழுத்துப் போடாவிட்டாலும் அறுவை நடக்கும், நடந்தே ஆகவேண்டும்.

ஒப்பீடு எதில் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது நாம் பயப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்காது: எந்தக் கிருமிநாசினியைத் தடவுவது, எந்த நூலில் தைப்பது, கசிவை வெளியேற்றும் டிரெயின் குழாய் வைப்பதா வேண்டாமா, எந்த நாளில் சாப்பாடு தொடங்குவது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5,788 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. வயிற்று அறுவையில் கிருமிநாசினி பூசிய நூலும், தோலில் தடவும் குளோர்ஹெக்சிடினும், சாதாரண நூலையும் வழக்கமான போவிடோன் அயோடினையும்விடப் புண் பழுப்பதைக் கூடுதலாகத் தடுக்கின்றனவா என்று பார்த்தார்கள். மேலானவை என்று காட்ட முடியவில்லை. ஏழை நாட்டு மருத்துவமனைகளுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி அரிது.

கேட்கவேண்டியவை: இந்த இரண்டு முறையிலும் என் டாக்டருக்குக் கை பழகியிருக்கிறதா? வயிற்றைத் திறந்தபின் நிலைமை வேறாக இருந்தால், குலுக்கலில் வந்ததை விட்டுவிட்டு எனக்குத் தேவையானதைச் செய்வார்களா? (ஆம் என்ற பதிலைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள்.) ஆய்வுக்காகக் கூடுதல் ஸ்கேனோ கூடுதல் நாள் அட்மிஷனோ உண்டா? ஒரு நாள் கூடினால் துணைக்கு இருப்பவரின் சாப்பாடும் கூலியும் சேர்ந்து போகும். வெட்டியெடுத்த கட்டியில் ஒரு பகுதி ஆய்வுக்குப் போகிறது என்றால், நோய் கண்டறியும் பேதாலஜி பரிசோதனைக்கு எடுத்தது போக மீதிதான் போகவேண்டும்.

6. ரத்தம், எதிர்ப்புச் சக்தி, மரபணு

முடக்குவாதம், லூபஸ் போன்றவை உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவதால் வருபவை. இவற்றிலும் காசநோயிலும் ஆய்வு என்றால் ரத்தம்தான் மூலப்பொருள். “இத்தனை டியூப்பா?” என்று மலைப்பார்கள். எத்தனை மில்லி என்று கேளுங்கள். 15 மில்லி என்றால் மூன்று தேக்கரண்டி; ரத்த தானத்தில் 350 மில்லி எடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு அளவைவிட, எத்தனை முறை குத்துவார்கள் என்பதுதான் தொல்லை. ரத்தசோகை உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளின் பெற்றோரும் அளவையும் கறாராகக் கேட்கவேண்டும்.

காலையிலேயே வரச்சொல்லிக் கெடுபிடி செய்வதற்கும் காரணம் உண்டு. வெள்ளை அணுக்களை உயிரோடு பிரித்தெடுக்கவேண்டும் என்றால், எடுத்த சில மணி நேரத்துக்குள் லேப் வேலையைத் தொடங்கவேண்டும். பிரித்த அணுக்களைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி வரையிலான குளிரில் வைப்பார்கள். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்பார்கள். காசநோய்த் தொற்று உள்ளே பதுங்கியிருக்கிறதா என்று பார்க்கும் ஐ.ஜி.ஆர்.ஏ. பரிசோதனையில், கிருமியின் புரதத்தோடு ரத்தத்தை 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, உங்கள் அணுக்கள் அதை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கின்றனவா என்று அளக்கிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்குப் போய் நின்றால் அந்த டெக்னீஷியன் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

காசநோய் ஆய்வுகளில் நோயாளியோடு நின்றுவிடுவதில்லை. கூட வசிப்பவர்களையும் கேட்பார்கள். ஜிப்மரும் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளில் நடத்திய ஆய்வுகளில் நோயாளிகளோடு வீட்டாரையும் சேர்த்துப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அப்போது வீட்டில் ஒவ்வொருவரின் ஒப்புதலும் தனித்தனி. அப்பா கையெழுத்துப் போட்டார் என்பதற்காக மருமகள் கை நீட்டவேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட்டாலும், ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கவேண்டும். பன்னிரண்டுக்கு மேல் அது எழுத்தில் இருக்கவேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்கவேண்டியவை இவை. மீதி ரத்தத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள்? வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவார்களா? வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா? மரபணுவைப் பார்ப்பார்களா? மரபணு உங்களோடு முடிவதில்லை. பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் பற்றியும் அது பேசும். “எதிர்கால ஆய்வுக்குச் சேமிக்க சம்மதம்” என்று தனிக் கட்டம் இருந்தால், அதில் “இல்லை” என்று டிக் செய்துவிட்டு இந்த ஆய்வில் மட்டும் சேரலாம். இப்படி ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

7. பணம்

ஆய்வுக்கான மருந்துக்கும் பரிசோதனைக்கும் உங்களிடம் காசு வாங்கக்கூடாது. தனியார் மருத்துவமனையில் இதை எழுத்தில் பார்த்துவிடுங்கள்; பில்லில் எது வழக்கமான சிகிச்சை, எது ஆய்வு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையில் ஆய்வுச் செலவை ஏற்றக்கூடாது. பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் பல ஆய்வுகளில் தருகிறார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து இருவர் வந்துபோகும் செலவை நீங்கள் கேட்டால்தான் அவர்களுக்கும் தெரியும். ஆனால் தொகை கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், எதற்கு இவ்வளவு என்று யோசிக்கவேண்டும்.

8. கையெழுத்து

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருந்து, முழுவதையும் படித்துக்காட்டியபின் கைநாட்டு வைக்கவேண்டும். முற்றிலும் புதிய மருந்து மூலக்கூறுக்கான சோதனையில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைச் சேர்க்கும்போது, ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிவுசெய்யவேண்டும் என்பது விதி. கேமராவைப் பார்த்துப் பதற்றப்படவேண்டாம். அது உங்களுக்கான காவல். கடைசியாக, கையெழுத்தான பிரதி ஒன்று கையில் வராமல் எழுந்திருக்காதீர்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறையிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.

9. சேர்ந்தபிறகு

ஒவ்வொரு விசிட்டுக்கும் முன்பின் சில நாள் சலுகை இருக்கும். சேரும்போதே காலண்டரை எடுத்து வைத்துப் பேசுங்கள். மாசிமகம், அறுவடை, பிள்ளையின் பரீட்சை எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தேதியை நகர்த்த முடியும். சொல்லாமல் விட்டுவிட்டுப் பத்து நாள் கழித்துப் போனால் அந்த அளவீடே வீண்.

வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். கீழாநெல்லி, நிலவேம்பு, சித்த வைத்தியர் கொடுத்த சூரணம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எல்லாம் கணக்கில் வரும். ஆய்வு மருந்தில் கல்லீரல் என்ஸைம் ஏறினால், ஏற்றியது எது என்று கண்டுபிடிக்க இந்த விவரம் வேண்டும். “நாட்டு மருந்து சாப்பிடுறேன்னு சொன்னா திட்டுவாங்க” என்று மறைப்பவர்களால் நல்ல மருந்து கெட்ட பெயர் வாங்குகிறது. கெட்ட மருந்து தப்பித்தும் விடுகிறது.

ஊசி மருந்தை வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால், பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் அது கெட்டது என்றே கணக்கு. நம் கடற்கரைக்கு நவம்பர், டிசம்பரில் புயல் புதிதில்லை. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் என்று கரண்ட் போய்க் கிடந்த நாட்களைக் கடலூரும் புதுச்சேரியும் மறக்காது. புயல் எச்சரிக்கை வந்ததுமே ஆய்வுக் குழுவுக்கு போன் போட்டு, மருந்தை என்ன செய்வது என்று கேளுங்கள். கரண்ட் எத்தனை மணி நேரம் இல்லை என்பதைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். கெட்டுப்போனதோ என்ற சந்தேகத்தில் நீங்களாகத் தூக்கியெறியவும் கூடாது, போட்டுக்கொள்ளவும் கூடாது.

உடம்புக்கு எது வந்தாலும் தெரிவிக்கவேண்டும். மருந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கடலூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து அட்மிட் ஆனாலும் அது ‘கடுமையான பாதகமான நிகழ்வு’ என்ற கணக்கில் வரும். மருந்துச் சோதனையில், ஆய்வு டாக்டர் அதை 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வுக்குப் பணம் போடுபவருக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்கவேண்டும். தலைசுற்றி விழுந்தீர்களா, வண்டி சறுக்கி விழுந்தீர்களா என்று பிரிப்பது அவர்கள் வேலை. வேறு ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போனால், ஆய்வில் இருக்கிறேன் என்று அங்கே முதலிலேயே சொல்லி, ஆய்வுக் குழு தந்த அடையாள அட்டை இருந்தால் காட்டுங்கள்.

10. விலகவேண்டும் என்றால்

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சை தொடரவேண்டும். ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. குறிப்பாக ஸ்டீராய்டு மாதிரியானவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். “இனி வரமாட்டேன், எப்படி நிறுத்துவது?” என்று கேட்டு, கடைசி ஒரு பரிசோதனை செய்துகொண்டு வெளியேறுங்கள். எடுத்து வைத்த ரத்தத்தை அழித்துவிடும்படியும் கேட்கலாம். பெயரை நீக்கி மற்றவர்களுடையதோடு கலந்துவிட்டது என்றால் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே சீக்கிரம் கேளுங்கள்.

11. பாதிப்பு ஏற்பட்டால்

பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை உடனே தொடங்கவேண்டும். தேவைப்படும் காலம் வரையோ, பாதிப்புக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று நிரூபணமாகும் வரையோ, எது முன்னதோ அதுவரை தரவேண்டும். முதலில் தொடர்பை நிரூபித்துக் காட்டு, பிறகு சிகிச்சை என்ற பேச்சுக்கு விதியில் இடமில்லை.

ஆய்வு காரணமாக உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது. அடிப்படை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணாலும், நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்கவேண்டும். வயது குறைந்தால் முதல் எண் கூடும்: 40 வயதுக்கு 184.17, 65-க்கும் அதற்கு மேலும் 99.37. இரண்டாவது எண், ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்ற நிலையில் சேர்ந்தவருக்கு 0.5-இல் தொடங்கி, ஆரோக்கியமானவருக்கு 4 வரை போகும். நடுத்தர ஆபத்தில் இருந்த 40 வயதுக்காரருக்கு இரண்டாவது எண் 2 என்று வைத்தால் ஏறக்குறைய 29.65 லட்சம் வரும். உத்தரவு வந்த 30 நாளுக்குள் பணம் தரப்படவேண்டும். நிரந்தர ஊனத்துக்கு வேறு கணக்கு. இந்தச் சூத்திரம் அரசின் அனுமதி பெற்று நடக்கும் மருந்துச் சோதனைகளுக்கானது. மாணவரின் ஆய்வேடு போன்றவற்றில் பொறுப்பு கல்லூரியுடையது, அதனால்தான் “பாதிப்பு வந்தால் யார் செலவு?” என்ற வரியைச் சேரும்போதே படிக்கச் சொன்னேன்.

குறை இருந்தால் முதலில் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மருந்துச் சோதனை என்றால், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகம் சென்னை சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

12. ஆய்வு முடிந்ததும்

முடிவு என்ன ஆனது என்று நோயாளிக்குச் சொல்லும் பழக்கம் இங்கே குறைவு. இதில் எனக்குக் கோபமே உண்டு. ரத்தம் கொடுத்தவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத எவ்வளவு நேரமாகும்? சேரும்போதே “முடிவை எனக்குத் தெரிவிக்கவும்” என்று படிவத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். சிடிஆர்ஐ பக்கத்தையும் அவ்வப்போது பார்க்கலாம்.

எந்த மருந்து தரப்பட்டது என்று தெரியாத வகை ஆய்வு என்றால், முடிந்தபின் உங்களுக்குக் கிடைத்தது எது என்று எழுத்தில் கேட்டு வாங்கி, பழைய ரிப்போர்ட்டுகளோடு வையுங்கள். அடுத்த டாக்டருக்கு அது தேவைப்படும். புது மருந்தில்தான் உடம்பு தேறியது, வேறு மாற்று இல்லை என்றால், ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால், ஆய்வுக்குப்பின்னும் அந்த மருந்தை இலவசமாகத் தொடர 2019 விதிகளில் வழி இருக்கிறது. உங்கள் எழுத்துச் சம்மதமும் அதற்கு வேண்டும். கடைசி விசிட்டுக்குப் பிறகு கேட்டால், கையிருப்பு மாத்திரை தீர்ந்து நடுவில் இடைவெளி விழும். ஆகவே இதை அதற்கு முந்தைய விசிட்டிலேயே கேளுங்கள்.